பேபி மஹ்ஜபீன் முதல் மீனா குமாரி வரை

திரைப்படத்தில் குழந்தையாகத் தோன்றிப் பேர் பெற்றவர்கள் எத்தனையோ பேர். வளர்ந்த பின்னும் அதே திரையில் நாயகியராக நிலைபெற்றவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தமிழ்த் திரையிலேயே இதற்குச் சான்று உண்டு. 1937-இல் வெளிவந்த ‘பாலயோகினி’யில் நடித்த பேபி சரோஜாவைக் காணத் தமிழகம் திரண்டது. அந்நாளில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அவர் பெயரைச் சூட்டியோர் பலர் என்பர். ‘தியாகபூமி’, ‘காமதேனு’ ஆகிய படங்களுக்குப் பிறகு அவர் திரையில் தொடரவில்லை. மழலைக்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு. நடிப்புக்குக் கிடைக்கும் மதிப்பு வேறு. இரண்டுக்கும் இடையே, குழந்தை வேடமும் பொருந்தாது நாயகி வேடமும் பொருந்தாது என்னும்படியான சில ஆண்டுகள் கிடக்கின்றன. பெரும்பாலோர் அந்த இடைவெளியிலேயே மறைந்துவிடுகின்றனர்.

அந்த இடைவெளியைக் கடந்து வந்தவர்களுள் மூவர் இந்தித் திரையுலகில் குறிப்பிடத்தக்கவர்கள்: சுரையா, மதுபாலா, மீனா குமாரி. மூவருமே முஸ்லிம் இல்லங்களில் பிறந்தவர்கள். பின்னிருவரும் 1933 என்னும் ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இக்கட்டுரையில் நாம் மீனா குமாரியின் வாழ்வை முதன்மையாகக் கொண்டு, மற்ற இருவரையும் உடன்வைத்துக் காண முற்படுகிறோம். அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதை அறிவதோடு, அப்படிக் கடந்ததற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் கேட்டுப் பார்ப்பதே நம் நோக்கம்.

பேசும் படமும் உருது நாவும்

1931-இல் ‘ஆலம் ஆரா’ வெளிவந்தபோது இந்தியத் திரை பேசத் தொடங்கியது. பேசத் தொடங்கிய திரைக்கு நல்ல முகம் மட்டும் போதவில்லை. நல்ல நாவும் வேண்டியிருந்தது. பார்சி நாடக மேடைகளில் பழகிய உருது உரையாடலே தொடக்க காலத்துப் பேசும் படங்களின் மொழியாயிற்று. இன்னொரு புறம், பேசும் படம் வந்ததும் நாடக மேடைகள் நலிந்தன. மேடையை நம்பி வாழ்ந்த இசைக் கலைஞர்களும் நடிகர்களும் பம்பாயின் படப்பிடிப்பு நிலையங்களின் வாயில்களில் வந்து நின்றனர். பிழையற உருது பேசவும், தாளம் தவறாமல் பாடவும் வல்ல பிள்ளைகள் அவர்கள் வீடுகளிலேயே இருந்தனர். நிலையங்களுக்குக் குழந்தைகள் தேவைப்பட்டனர்; வீடுகளுக்கு வருவாய் தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்தில்தான் ‘பேபி’ என்னும் அடைமொழி பிறந்தது எனலாம்.

தாதரில் பிறந்த பிறைநுதலாள்

மஹ்ஜபீன் பானு 1933-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் அலீ பக்ஷ், ஆர்மோனியம் வாசிப்பவர். இசை கற்பித்தும் நாடகங்களில் பணியாற்றியும் வாழ்ந்தவர். தாயார் இக்பால் பேகம், மேடை நடிகை. தாதர் பகுதியில் வறுமையோடு வாழ்ந்த குடும்பம் அது. ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த தந்தை, மருத்துவச் செலவுக்கும் வழியின்றி, பிறந்த பெண் மகவை அனாதை இல்லத்து வாயிலில் விட்டு வந்தார் என்றும், மனம் பொறாமல் சில மணி நேரத்திலேயே திரும்பிச் சென்று எடுத்து வந்தார் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர்.

மஹ்ஜபீன் என்றால் நிலவு போன்ற நெற்றியை உடையவள் என்று பொருள். நம் புலவர்கள் பிறைநுதல் என்று சொன்னதும் இதையேதான். அந்தப் பிறைநுதற் சிறுமி ஆறு வயதளவில் படப்பிடிப்பு நிலையத்திற்கு அழைத்துச் செல்லப்பட்டாள். பிரகாஷ் ஸ்டூடியோவின் இயக்குநர் விஜய் பட், 1939-இல் வெளிவந்த ‘லெதர்ஃபேஸ்’ என்னும் படத்தில் அவளுக்கு ஒரு சிறு வேடம் தந்தார். முதல் நாள் ஊதியம் 25 ரூபாய் என்று பதிவாகியுள்ளது. அடுத்த ஆண்டு ‘ஏக் ஹீ பூல்’ படத்தின்போது அதே இயக்குநர் அவளுக்கு ‘பேபி மீனா’ என்று பெயரிட்டார். 1941-இல் மெஹ்பூப் கான் இயக்கிய ‘பஹன்’ படத்திலும் அவள் குழந்தையாக நடித்தாள்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இந்தச் சிறுமி நடிக்கக் கேட்டவளல்லள். பள்ளிக்குச் செல்லவே விரும்பினாள் என்று வரலாறு எழுதியோர் குறிக்கின்றனர். முறையான கல்வி அவளுக்கு வாய்க்கவில்லை. உருதுவைத் தானாகவே கற்று, படப்பிடிப்புக்கு நடுவே கிடைத்த பொழுதுகளில் நூல்களைப் படித்தாள். இந்தப் பழக்கம் அவள் வாழ்வில் பின்னர் என்னவாக மலர்ந்தது என்பதை இறுதியில் காண்போம்.

பதின்மூன்று வயதில் முடிந்த குழந்தைப் பருவம்

1946-இல் ‘பச்சோங் கா கேல்’ என்ற படம் வெளிவந்தது. ‘குழந்தைகளின் விளையாட்டு’ என்பது அத்தலைப்பின் பொருள். அப்படத்தில்தான் பேபி மீனா, ‘மீனா குமாரி’ என்னும் பெயரோடு வளர்ந்த பெண்ணின் வேடமேற்றார். அப்போது வயது பதின்மூன்று. அடுத்த ஆண்டே தாயார் இக்பால் பேகம் காலமானார். குடும்பத்தின் பொருட்சுமை முன்னிலும் அதிகமாக அந்த இளம் பெண்ணின் தோளில் இறங்கியது.

பதின்மூன்று வயது என்பது தற்செயலான கணக்கன்று. மதுபாலாவாகப் புகழ்பெற்ற மும்தாஸ் ஜஹான், 1942-இல் பம்பாய் டாக்கீஸின் ‘பசந்த்’ படத்தில் பேபி மும்தாஸாகத் தோன்றி, 1947-இல் ‘நீல் கமல்’ படத்தில் ராஜ் கபூருக்கு நாயகியானபோது வயது பதினான்கு. பல ஆண்டுகள் கழித்து நம் தமிழ்த் திரையிலும் இதே நிகழ்ந்தது. 1960-களின் இறுதியில் குழந்தையாக நடிக்கத் தொடங்கிய ஸ்ரீதேவி, 1976-இல் ‘மூன்று முடிச்சு’ படத்தின் நாயகியானபோது பதின்மூன்று வயதே நிறைந்திருந்தது. குழந்தை நட்சத்திரத்தின் வருவாய் நின்றுவிடக் கூடாது என்னும் அவசரம், இடையிலுள்ள ஆண்டுகளைச் சுருக்கிவிடுகிறது. சிறுமியரைப் பெண்களாக்குவதற்குக் காலம் எடுத்துக்கொள்ளும் ஆண்டுகளை, ஒரு புடவையும் ஒப்பனையும் சில மணி நேரத்தில் செய்து முடித்துவிடுகின்றன.

எனினும் மீனா குமாரிக்கு உடனே ஏற்றம் வந்துவிடவில்லை. ‘வீர் கடோத்கச்’ (1949), ‘ஸ்ரீ கணேஷ் மஹிமா’ (1950), ‘ஹனுமான் பாதாள் விஜய்’ (1951) எனப் புராணப் படங்களிலும், ‘அலாவுதீனும் அற்புத விளக்கும்’ (1952) போன்ற மாயாஜாலப் படங்களிலும் அவர் நடித்து வந்தார். பெரும் நட்சத்திரங்கள் ஏற்கத் தயங்கிய சிறுமுதலீட்டுப் படங்கள் அவை. ஆனால் அவையே அவருக்குப் பயிற்சிக்களம். பல்லாண்டு காலம் ஒளிவிளக்குகளின் கீழ் நின்று, உரையாடலை எங்கே தாழ்த்துவது, எங்கே நிறுத்துவது, மௌனத்தை எவ்வளவு நேரம் தாங்குவது என்று அவர் பழகிக்கொண்டார்.

மீண்டும் விஜய் பட்

1952-இல் ‘பைஜூ பாவ்ரா’ வெளிவந்தது. அதன் இயக்குநர் வேறு யாருமல்லர், பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு முதல் வேடமளித்த அதே விஜய் பட். நௌஷாதின் இசையும் பாரத் பூஷணின் நடிப்பும் சேர, கௌரி என்னும் வேடத்தில் மீனா குமாரி நாடறிந்த நடிகையானார். ஃபிலிம்ஃபேர் விருதுகள் முதன்முதலாக 1954-இல் வழங்கப்பட்டபோது, சிறந்த நடிகைக்கான முதல் விருதை அவரே பெற்றார். அடுத்த ஆண்டு ‘பரிணீதா’வுக்காக மீண்டும் பெற்றார். 1962-இல் வெளியான ‘ஸாஹிப் பீவி ஔர் குலாம்’, ‘ஆர்த்தி’, ‘மைய்ங் சுப் ரஹூங்கீ’ ஆகிய மூன்று படங்களுக்காக, 1963-இல் அவ்விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட மூன்று பெயர்களும் அவருடையவையே. தம்மோடு தாமே போட்டியிட்டு, ‘ஸாஹிப் பீவி ஔர் குலாம்’ படத்திற்காக வென்றார். 1966-இல் ‘காஜல்’ படத்திற்காக நான்காவது முறையும் அவ்விருது அவருக்குக் கிடைத்தது.

தமிழ் வாசகர்களுக்கு இவர் அந்நியரல்லர். நம் ‘மிஸ்ஸியம்மா’ இந்தியில் ‘மிஸ் மேரி’ (1957) ஆனபோது, ஏவி.எம். நிறுவனத்தின் அப்படத்தில் ஜெமினி கணேசனுக்கு இணையாக நடித்தவர் மீனா குமாரியே. ‘களத்தூர் கண்ணம்மா’ தான் ‘மைய்ங் சுப் ரஹூங்கீ’ ஆயிற்று. அதனை இயக்கியவர் ஏ. பீம்சிங். இவ்விரு தமிழ்ப் படங்களிலும் சாவித்திரி ஏற்ற வேடங்களை இந்தியில் மீனா குமாரி ஏற்றார் என்பது நினைவில் வைக்கத்தக்கது.

இரண்டு மணி நேர விடுதலை

புகழ் இவ்வாறு வளர்ந்தபோது வாழ்வு எப்படி இருந்தது? 1951-இல் நேர்ந்த கார் விபத்தில் அவருடைய இடக்கை காயமுற்றது. அக்கைவிரலின் ஊனத்தைச் சேலைத் தலைப்பாலும் துப்பட்டாவாலும் மறைத்தே பின்னர் அவர் நடித்தார். சிகிச்சைக்காக நாள்தோறும் தந்தையார் அவரையும் தங்கையையும் மருத்துவ நிலையத்தில் விட்டுச் செல்வார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து அழைத்துக்கொள்வார். 1952 பிப்ரவரி 14 அன்று அந்த இரண்டு மணி நேர இடைவெளியில்தான் அவருக்கும் இயக்குநர் கமால் அம்ரோஹிக்கும் நிக்காஹ் நடந்தது என்பர். ஒரு குடும்பத்தையே தாங்கிய பெண், தன் விருப்பம்போல் நடந்துகொள்ள வாய்த்த பொழுது ஒரு நாளில் அவ்வளவே.

நிக்காஹ் நடந்த செய்தி வெளிவந்ததும் தந்தையார் சினந்தார். மணவிலக்குப் பெறுமாறு வற்புறுத்தினார். மெஹ்பூப் கானின் ‘அமர்’ படத்தில் நடிக்குமாறு அவர் கட்டளையிட, மகள் அதனை விட்டுக் கணவர் இயக்கிய ‘தாயிரா’ படத்திற்குச் சென்றார். 1953-இல் ஒரு நாள் வீடு திரும்பியபோது தந்தையின் கதவு திறக்கவில்லை. அவர் கணவர் இல்லம் சென்றார். கைவிட்ட ‘அமர்’ பட வேடம், அதே ஆண்டில் பிறந்த மற்றொரு ‘பேபி’யான மதுபாலாவுக்குப் போயிற்று.

கணவர் இல்லத்திலும் நிபந்தனைகள் இருந்தன. மாலை ஆறரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். ஒப்பனை அறைக்குள் ஒப்பனையாளர் தவிர வேறெவரும் வரலாகாது. தம் வண்டியிலேயே போய்வர வேண்டும் என்றெல்லாம் அவை வகுக்கப்பட்டிருந்தன எனப் பதிவாகியுள்ளது. 1964-இல் இருவரும் பிரிந்தனர். உறக்கமின்மைக்கு மருந்தென்று சிறு அளவில் தொடங்கிய மதுப்பழக்கம் ஈரலை அரித்தது. 1968-இல் வெளிநாடு சென்று சிகிச்சை பெற்றுத் திரும்பினார். பல்லாண்டுகளுக்கு முன் தொடங்கி நின்றுபோயிருந்த ‘பாகீஸா’வை அந்த நலிந்த உடலோடுதான் முடித்துக் கொடுத்தார். கணவர் இயக்கிய அப்படம் 1972 பிப்ரவரி 4 அன்று வெளியாயிற்று. எட்டு வாரம் கழித்து, மார்ச் 31 அன்று, மீனா குமாரி மறைந்தார். வயது முப்பத்தெட்டு. பம்பாய் மஸ்காவ் பகுதியிலுள்ள ரஹ்மதாபாத் கபரஸ்தானில் நல்லடக்கம் செய்யப்பட்டார். ஆறு வயது முதல் உழைத்தவர், பிறந்தபோது பெற்றோர் இருந்த அதே வறிய நிலையில் மறைந்தார் என்று எழுதி வைத்திருக்கின்றனர்.

உடன் வந்த இருவர்

இது ஒருவருக்கு மட்டும் நேர்ந்த விதியா என்றால், இல்லை. மதுபாலாவின் தந்தை அதாவுல்லா கான், வேலையிழந்து டில்லியிலிருந்து பெருங்குடும்பத்தோடு பம்பாய் வந்தவர். மகளின் ஒப்பந்தம், ஊதியம், வெளியூர்ப் பயணம் யாவும் அவர் கையிலேயே இருந்தன. 1954-இல் சென்னையில் ஜெமினியின் ‘பஹுத் தின் ஹுவே’ படப்பிடிப்பின்போது மதுபாலா இரத்தம் கக்கினார். பிறவியிலேயே இதயத்தில் குறை இருந்தது. ஆயினும் ஓய்வு கொள்ளவில்லை. ‘நயா தௌர்’ படத்தின் வெளியூர்ப் படப்பிடிப்புக்கு மகளை அனுப்பத் தந்தை மறுத்ததால் வழக்கு நீதிமன்றம் ஏறியது. 1960-இல் வெளிவந்து அவரை அழியாப் புகழில் நிறுத்திய ‘முகலே ஆஸம்’ படத்தையும் அந்த நோயோடுதான் நடித்து முடித்தார். 1969 பிப்ரவரி 23 அன்று முப்பத்தாறு வயதில் மறைந்தார்.

சுரையா 1941-இல் ‘தாஜ் மஹல்’ படத்தில் இளவயது மும்தாஸ் மஹலாகத் தோன்றியவர். பாடவும் நடிக்கவும் வல்லவர். தேவ் ஆனந்துடன் அவர் கொண்ட அன்பு, வீட்டில் பாட்டியாரின் எதிர்ப்பால் திருமணமாகக் கனியவில்லை. அவர் இறுதிவரை மணம் புரியவே இல்லை. 1963-இல் வெளிவந்த ‘ருஸ்தம் ஸொஹ்ராப்’ படத்தோடு, புகழ் மங்கும் முன்பே தாமாகவே திரையை விட்டு விலகினார். 2004-இல் எழுபத்து நான்காம் வயதில் மறைந்தார். மூவருள் முதுமையைக் கண்டவர், போதும் என்று சொல்லி விலகிய இவர் ஒருவரே.

மூவர் வாழ்விலும் பெரியவர்கள் கொடியவர்களாய் இருந்தனர் என்று நாம் கூறவில்லை. பசி நிறைந்த வீடுகள் அவை. ஒரு குழந்தையின் முகத்தால் பத்துப் பேர் உண்ண முடியும் என்ற நிலை வந்தால், அந்தக் குழந்தையை வளரவிடவும் பயம், விலகவிடவும் பயம் உண்டாகிவிடுகிறது. அந்தப் பயமே நாளடைவில் அதிகாரமாகிறது. ஈட்டித் தந்தவள் வளர்ந்து பெரியவளான பின்பும், ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்கும் வழக்கம் அவ்வீட்டில் ஏற்படுவதில்லை.

சட்டம் வந்த வழி

வியப்பான ஒற்றுமை ஒன்றுண்டு. மஹ்ஜபீன் முதற்படத்தில் தோன்றிய அதே 1939-இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் ஊதியத்தைக் காக்கச் சட்டம் பிறந்தது. 1921-இல் சாப்ளினோடு ‘தி கிட்’ படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்து பார்த்தபோது தான் ஈட்டிய பல இலட்சம் டாலரில் பெரும்பகுதி தாயாலும் மாற்றாந் தந்தையாலும் செலவழிக்கப்பட்டிருந்தது. 1938-இல் அவர் வழக்குத் தொடுத்தார். கைக்கு வந்தது 1,26,000 டாலர் மட்டுமே. அவ்வழக்கின் விளைவே அவர் பெயரால் வழங்கும் அச்சட்டம்.

நம் நாட்டில் அதற்கு நீண்ட காலம் பிடித்தது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. 2017-இல் வந்த விதிகளின்படி, குழந்தைக் கலைஞரை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இடையே ஓய்வின்றி மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் ஈடுபடுத்தக் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஊதியத்தில் குறைந்தது நூற்றுக்கு இருபது பங்கு, குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகச் செலுத்தப்பட வேண்டும். பேபி மஹ்ஜபீனுக்கு இத்தகைய காவல் ஒன்று இருந்திருந்தால், அவள் பள்ளிக்கும் சென்றிருக்கலாம். பிற்காலத்தில் கைப்பொருளும் இருந்திருக்கலாம்.

மீனா குமாரிக்கென்று தனியே இருந்தவை அவர் எழுதிய கவிதைகளே. பள்ளி செல்லாமல் தானே கற்ற உருதுவில், ‘நாஸ்’ என்னும் புனைபெயரில் அவர் கஸல்களும் நஸ்முகளும் எழுதினார். அவற்றைத் தம் குரலாலேயே படித்து 1971-இல் இசைத்தட்டாக வெளியிட்டார், இசை கய்யாம். மறைந்த பின் அவர் கவிதைகள் குல்ஸாரால் தொகுக்கப்பட்டு ‘தன்ஹா சாந்த்’ என்ற பெயரில் நூலாயின. தனித்த நிலவு என்பது அத்தலைப்பின் பொருள். அவர் எந்தப் படத்தில் நடிப்பது, எத்தனை மணிக்கு வீடு திரும்புவது என்பவற்றைப் பிறர் முடிவு செய்தனர். எதை எழுதுவது என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார்.

சிறுவர் பாட்டுப் போட்டிகளும் ஆட்டப் போட்டிகளும் தொலைக்காட்சி வழியே நம் கூடத்திற்குள்ளேயே வந்துவிட்ட காலம் இது. மழலையைப் படம்பிடித்து ஊரெங்கும் அனுப்புவதற்குப் படப்பிடிப்பு நிலையம்கூட வேண்டியதில்லை. கையிலுள்ள தொலைபேசி போதும். பிள்ளையின் திறமை பெற்றோர் கையில் ஓர் அமானிதம். அதனால் வரும் பொருளும் அவ்வாறே. சட்டம் மணிக்கணக்கைப் பார்க்கும், வங்கிக் கணக்கையும் பார்க்கும். ‘எனக்குப் பள்ளிக்குப் போக வேண்டும்’ என்று ஒரு குழந்தை சொல்லும்போது அதைக் கேட்க வேண்டிய செவி வீட்டிலேதான் இருக்கிறது. தாதரில் ஒரு சிறுமி அப்படிச் சொன்னாள். அவளுக்குக் கிடைத்த விருதுகளின் கணக்கு திரை வரலாற்றில் இருக்கிறது. அவள் இழந்த பள்ளி நாட்களின் கணக்கை எவரும் எழுதி வைக்கவில்லை.